இந்தியாவுக்கு அனுப்பினால் தீர்வை இல்லையா? திருகோணமலைச் சிறு உற்பத்தியாளர் தெரிந்திருக்க வேண்டியது

மூதூரில் வீட்டோடு சவர்க்காரம் செய்து விற்கும் ஒரு தங்கச்சி போன மாதம் என்னிடம் கேட்டார்: "அண்ணா, இந்தியாவுக்கு அனுப்பினால் வரி இல்லையாமே. அந்தக் காசு எப்போது என் கைக்கு வரும்?"

வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இப்படி நினைத்திருப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். சரக்கு சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறங்கும்போது சுங்கத் தீர்வை கட்டுபவர் அங்கே வாங்கும் வியாபாரி. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின்படி அவருக்குத்தான் தீர்வை குறைகிறது, அல்லது இல்லாமலே போகிறது. அவருக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை விலை பேசும்போது நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். சலுகை இருப்பதே தெரியாமல் விலை சொன்னால் முழு இலாபமும் அவரிடம் போய்விடும்.

இந்தச் சலுகையைத் தருவது இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை. அப்போதைய ஜனாதிபதி சந்திரிகாவும் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் 1998 டிசம்பர் 28ஆம் திகதி கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா தன் பக்கத்துத் தீர்வைக் குறைப்பை 2003இல் முடித்தது. சிறிய நாடு என்பதால் இலங்கைக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது, 2008 வரை. திருகோணமலையில் இந்தியா என்றதும் எல்லோரும் எண்ணெய்க் குதங்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த 99 தாங்கிகளைப் பற்றிய 2022 ஒப்பந்தம் பெரிய நிறுவனங்களுக்கிடையிலானது, அதில் நீங்களும் நானும் செய்வதற்கு எதுவும் இல்லை. இந்த உடன்படிக்கை அப்படியில்லை. பதிவு செய்த ஒரு சிறு வியாபாரியும் இதைப் பயன்படுத்தலாம்.

சரி, எந்தப் பொருளுக்கும் கிடைக்குமா? இல்லை. இரண்டு நாடுகளும் விலக்குப் பட்டியல் வைத்திருக்கின்றன. தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 பொருள்கள் இருந்தன, இலங்கையின் பட்டியலில் 1,180. இந்தியாவின் பட்டியலில் உள்ள பொருளை அங்கே அனுப்பினால் சலுகையே கிடையாது. வேறு சிலவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ வரைதான். அதனால் உங்கள் பொருளின் எச்.எஸ். இலக்கத்தை, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, கண்டுபிடித்துப் பட்டியலோடு ஒப்பிடுவதே முதல் வேலை. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலோ வர்த்தகத் திணைக்களத்திலோ கேட்டால் சொல்வார்கள். பொதி அச்சடிக்க முன்னர் கேளுங்கள்.

அடுத்ததுதான் பலர் தடுக்கி விழும் இடம். இலங்கையிலிருந்து போனால் மட்டும் போதாது, அது இலங்கைப் பொருளாக இருக்க வேண்டும். கொட்பேயில் எங்கள் படகுகள் இறக்கும் மீனைக் கருவாடு போட்டால் கேள்வியே இல்லை, அது முழுக்க எங்களுடையது. வெளிநாட்டுக் கருவாட்டை இறக்குமதி செய்து, இங்கே பிரித்துப் பையில் அடைத்து லேபல் ஒட்டினால் அது எங்கள் பொருளாகாது. வெறுமனே பொதி செய்வதும் கலப்பதும் உற்பத்தி என்று கணக்கில் வராது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் சிக்கலானவை. தங்கச்சியின் சவர்க்காரத்தையே எடுத்துக்கொள்வோம், தொகைகள் கணக்குக்காக நான் போட்டவை. கப்பலில் ஏற்றி முடிக்கும் வரையான விலை, அதாவது எஃப்.ஓ.பி. விலை, 1,000 ரூபா. அதில் மலேசியப் பாம் எண்ணெய் 600 ரூபா என்றால் மிச்சம் 400. உள்நாட்டுப் பெறுமதி 40 சதவீதம். விதி கேட்பது 35, ஆகவே அது தேறும். எண்ணெய் 700 ரூபா ஆனால் தேறாது. பெறுமதி மட்டும் போதாது. உள்ளே போன மூலப்பொருளும் வெளியே வந்த பொருளும் எச்.எஸ். இலக்கத்தின் முதல் நான்கு எண்களில் வேறுபட வேண்டும். பாம் எண்ணெய் 1511, சவர்க்காரம் 3401. இங்கே பிரச்சினை இல்லை.

இன்னொரு வழியும் உண்டு, இதைத் தெரிந்தவர்கள் குறைவு. மலேசிய எண்ணெய் 450 ரூபாவுக்கும், வாசனைப் பொருளும் இரசாயனமும் இந்தியாவிலிருந்து 270 ரூபாவுக்கும் வாங்கினால் உள்நாட்டுப் பங்கு 280 மட்டும், 28 சதவீதம். 35க்குக் குறைவுதான். ஆனால் இந்தியப் பொருளைச் சேர்த்திருந்தால் உள்நாட்டுப் பங்கு 25 சதவீதம் இருந்தாலே போதும், இரண்டும் சேர்ந்து 35ஐ எட்ட வேண்டும். இங்கே சேர்ந்தால் 55. சலுகை கிடைக்கும். அதனால் மூலப்பொருளை எங்கே வாங்குவது என்று முடிவெடுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் அத்தாட்சி மூலச் சான்றிதழ், அதாவது பொருள் எந்த நாட்டில் உண்டானது என்று சொல்லும் பத்திரம். இந்த உடன்படிக்கைக்கு அதை வழங்குவது வர்த்தகத் திணைக்களம். அதற்கு முன் வியாபாரப் பெயரைப் பதிவு செய்து, வரி அடையாள இலக்கம் எடுத்து, சுங்கத்தில் ஏற்றுமதியாளராகப் பதிந்திருக்க வேண்டும். பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அங்குள்ள சிறுதொழில் முயற்சிப் பிரிவு உத்தியோகத்தரையும் கேளுங்கள், வழி காட்டுவார். உணவுப் பொருளோ மரக்கறியோ என்றால் சுகாதாரச் சான்றிதழ்கள் தனி, அவை இந்தச் சான்றிதழோடு சேராது. எங்கள் துறைமுகம் இவ்வளவு ஆழமாக இருந்தும் கொள்கலன் கொழும்பிலிருந்துதான் ஏறுகிறது. லொறிக் கூலியையும் விலையில் சேர்க்க மறக்காதீர்கள். எனக்கு இது மனவருத்தம்தான், ஆனால் இன்றைய நிலை அது.

2020 செப்டம்பர் 21 முதல் இந்தியச் சுங்கம் விதியை இறுக்கியிருக்கிறது. பொருள் எப்படி உருவானது என்ற விவரத்தை வாங்குபவர் கையில் வைத்திருக்க வேண்டும், 5 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். அதனால் "எண்ணெய் எங்கே வாங்கினீர்கள், எவ்வளவுக்கு" என்று அவர் கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களைச் சந்தேகப்பட்டு அவர் கேட்கவில்லை, அவருடைய சட்டம் கேட்கச் சொல்கிறது.

பாகிஸ்தானுடன் 2005 முதல் இதேபோல் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. சீனாவுக்கும் தென்கொரியாவுக்கும் ஆசிய பசிபிக் வர்த்தக உடன்படிக்கை உண்டு, அதில் உள்நாட்டுப் பெறுமதி 45 சதவீதம் வேண்டும். முறை ஏறக்குறைய ஒன்றுதான், பட்டியல்களும் சதவீதமும் மாறும்.

தங்கச்சிக்குக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். இப்போது அவர் கடந்த ஆறு மாதத்து எண்ணெய்ப் பற்றுச்சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். பாதி கடையிலேயே விட்டு வந்தவை.