கூர்ப்பு: சொல்லின் வேரும், மனிதர் இன்னும் கூர்ப்படைகிறார்களா என்ற கேள்வியும்

கொழும்பில் உயர்தர உயிரியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரே விடயத்துக்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. பாடநூலிலும் கடந்தகால வினாத்தாளிலும் இருப்பது கூர்ப்பு. வெள்ளவத்தை ரியூஷன் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய்க் கைபேசியில் பார்க்கும் தமிழ்நாட்டுக் காணொளிகளில் வருவது பரிணாமம். "சேர், இரண்டும் ஒன்றுதானா?" என்று கேட்பார்கள். பரீட்சையைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆனால் இரண்டும் வந்த வழி வேறு. அந்த வழியைப் பார்த்துவிட்டால், வகுப்பில் தவறாமல் எழும் இன்னொரு கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்: மனிதன் இன்னும் கூர்ப்படைகிறானா, அல்லது அது முடிந்துபோன கதையா?

பரிணாமம் வடசொல். நம் என்ற அடிக்கு வளைதல் என்று பொருள். பரி என்ற முன்னொட்டுச் சேர்ந்தால் ஒன்று திரும்பி வேறொன்றாதல். உயிரியல் இந்தச் சொல்லை எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே மெய்யியலில் அது ஊன்றியிருந்தது. காரணம்தான் காரியமாக மாறுகிறது என்று வாதிட்ட சாங்கியர் என்ற பழைய இந்திய மெய்யியலாளரின் கொள்கைக்குப் பரிணாமவாதம் என்றே பெயர். பால் தயிராவது அதற்குக் காட்டப்படும் வழமையான உதாரணம். பால் முழுவதும் தயிராகிவிடும், பிறகு பால் என்று எதுவும் மிஞ்சாது.

உயிரியலுக்கு இந்தச் சித்திரம் பொருந்தவில்லை. எந்த ஒரு குரங்கும் மனிதனாக மாறியதில்லை. இன்றைய குரங்குகளும் நாமும் பொது மூதாதையரிடமிருந்து கிளை பிரிந்தவர்கள். ஆனால் பரிணாமம் என்றதும் மனதில் வருவது, குனிந்து நடக்கும் குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படம்தான். அதோடு நிற்காமல் நாளிதழ்கள் "பரிணாம வளர்ச்சி" என்று ஒரு வால் சேர்த்தன. வளர்ச்சி என்றால் அதற்கு ஓர் உச்சம் இருக்கவேண்டும், உச்சத்தைத் தொட்டால் நின்றுவிடவும் வேண்டும். "முடிந்துவிட்டதா?" என்ற கேள்வி பிறப்பது இந்த வாலில் இருந்துதான்.

எவலூஷன் (evolution) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே சிக்கல் இருந்தது. அது சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில், கருவுக்குள் முன்கூட்டியே மடங்கியிருக்கும் உருவம் விரிந்து வருவதாக நம்பியவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். எழுதி முடித்த ஏட்டை விரிப்பதென்றால் முடிவு முன்பே தீர்மானமாகிவிட்டது என்றாகிறது. சார்ள்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் முதற்பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லே இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. மாற்றங்களோடு வழிவழியாக வருதல் என்பதுதான் அவர் விரும்பிய தொடர். பெயர்ச்சொல் நூலுக்குள் வந்தது 1872இல், ஆறாம் பதிப்பில்.

இனி நம்முடைய சொல். கூர்ப்பு என்றதும் பலருக்குக் கத்தியின் கூர்மைதான் நினைவுக்கு வரும். அந்தப் பொருளும் உண்டு, ஆனால் இங்கே வேண்டியது அதுவல்ல. "அன்பு கூர்ந்து", "தயை கூர்ந்து", "களி கூர்ந்தார்" என்று இன்றும் எழுதுகிறோம். அந்தக் கூர்தலுக்கு மிகுதல் என்று பொருள். தொல்காப்பியத்தின் உரியியல் இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்." ஏற்கனவே உள்ள ஒன்று மிகுவதைக் கூர்ப்பு, கழிவு என்ற இரண்டு உரிச்சொற்களும் உணர்த்தும் என்பது கருத்து. (கழிபேருவகை என்பதில் உள்ள கழி அதுதான். குப்பையைக் குறிக்கும் கழிவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சிறக்கும் என்ற சொல்லைப் பார்த்து "மேம்படும்" என்று பொருள் கொள்பவர்கள் இருக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் "துனிகூர் எவ்வமொடு" என்று ஓர் அடி உண்டு. அங்கே கூர்வது துயரம். ஆகவே கூர்வது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். எதுவாயினும் முன்பே இருக்கவேண்டும், பிறகு மிகவேண்டும். சொல் கேட்பது அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு உயிரியலின் வரையறையைப் பாருங்கள். ஒரு குடித்தொகையில், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் ஒரே இனத்தின் கூட்டத்தில், ஒரு பரம்பரையலகுக்கு (மரபணுவுக்கு) பல வடிவங்கள் இருக்கும். இவற்றை நாங்கள் எதிருருக்கள் என்கிறோம். தலைமுறை தலைமுறையாக அவற்றின் விகிதம் மாறுவதுதான் கூர்ப்பு. உள்ள வடிவங்களில் ஒன்று மிகுகிறது, இன்னொன்று குறைகிறது. உள்ளது மிகுதல் என்ற பழைய இலக்கணப் பொருள் இவ்வளவு நெருக்கமாக ஓர் அறிவியல் வரையறையோடு பொருந்துவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் விடயம். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கவேண்டும் என்று உழைத்து இந்தச் சொல்லை நமது பாடநூல்களில் நிலைபெறச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வரையறை இதுவானால், மனிதர் இன்னும் கூர்ப்படைகிறார்களா என்ற கேள்விக்கு விடை தெளிவு: ஆம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய விகாரங்கள், அதாவது பரம்பரைத் தகவலில் தானாக நேரும் மாற்றங்கள், சராசரியாக 60 அல்லது 70 இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் பிறப்பதுமில்லை. இந்த இரண்டும் இருக்கும்வரை விகிதங்கள் மாறாமல் நிற்க வழியில்லை.

பாலையே எடுத்துக்கொள்வோம். பாலிலுள்ள லக்டோஸ் வெல்லத்தை உடைக்கும் நொதியம், பாலூட்டிகளில் பொதுவாகப் பால்குடி மறந்த பிறகு குறைந்துவிடும். உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பால்மாவை ஒரு கோப்பை நிறையக் கரைத்துக் குடித்தால் வயிறு பொருமுகிறது என்பவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. கடந்த 10,000 ஆண்டுகளுக்குள், மாடு வளர்த்துப் பால் குடித்த சமூகங்களில், அந்த நொதியத்தை வாழ்நாள் முழுவதும் சுரக்கவைக்கும் விகாரங்கள் மிகுந்தன. வட ஐரோப்பாவில் பரவியது ஒரு விகாரம், கிழக்கு ஆபிரிக்க இடையர்களிடம் வேறொன்று. ஐரோப்பிய வடிவம் இந்தியாவின் வடமேற்கில் அதிகம், தெற்கே வரவரக் குறைவு. தயிர் குடித்தால் பலருக்கு ஒன்றும் செய்யாததற்கும் காரணம் உண்டு. பற்றீரியாக்கள் லக்டோஸின் ஒரு பகுதியை முன்பே தீர்த்துவிடுகின்றன.

இலங்கைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய். ஈமோகுளோபின் ஆக்கத்தைக் குறைக்கும் ஒரு எதிருரு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஆள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். தாங்கி என்று சொல்வோம். இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றவேண்டிவரும். இவ்வளவு கேடான எதிருரு ஏன் ஒழியவில்லை? தாங்கிகள் மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு தப்பினார்கள் என்பதால்தான். மலேரியா இந்த நாட்டில் என்ன செய்தது என்பதற்கு 1934-35 கொள்ளைநோயே சாட்சி. மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகி, அவற்றில் நுளம்பு பெருகி, கேகாலை, குருநாகல் பகுதிகளில் மிகமோசமாகி, மொத்தம் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அத்தோடு தாங்கிகளுக்கு இருந்த அனுகூலம் இங்கே இல்லாமல் போயிற்று. ஆனால் எதிருரு போகவில்லை. குருநாகலில் தலசீமியாவுக்கென்று தேசிய நிலையமே இயங்குகிறது, திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யும்படி சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. இயற்கைத் தேர்வின், அதாவது பிழைத்துப் பிள்ளை பெற உதவும் எதிருரு மிகுவதன், திசை நம் கண்முன்னே திரும்பியிருக்கிறது, விகிதம் குறைவதற்கோ பல தலைமுறைகள் செல்லும். சாதகம் பார்க்கும் வீடுகள் இந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யவேண்டும் என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

மருத்துவம் வந்தபிறகு இயற்கைத் தேர்வு நின்றுவிட்டது என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 140 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இன்று அது 10க்கும் கீழ். சிறுவயது மரணத்தின் வழியாக நடந்த தேர்வு பெருமளவு தளர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் எத்தனை பிள்ளை, எந்த வயதில் என்பதன் வழியாகத் தேர்வு தொடர்கிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் (Framingham) நகரில் 1948இல் தொடங்கிய இதயநோய் ஆய்வின் பதிவுகளை 2010இல் அலசியவர்கள், பெண்களில் முதற்பிள்ளை பெறும் வயது சற்று முந்தவும், மாதவிடாய் நிற்கும் வயது சற்றுப் பிந்தவும் தேர்வு தள்ளிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். மிகச் சிறிய நகர்வு, ஆனாலும் அளந்து சொல்லக்கூடியது.

பிள்ளைகள் பெற்றோரைவிட உயரமாக இருப்பது கூர்ப்பா? இல்லை, அது பெரும்பாலும் போசாக்கு. எதிருரு விகிதம் மாறாமலே உடல் மாறலாம். கைபேசியைத் தட்டித் தட்டிப் பெருவிரல் நீளும் என்பதும் அப்படித்தான். பழகிப் பெற்றது பிள்ளைக்கு அப்படியே இறங்குவதில்லை.

எழுதும்போது என்ன செய்யலாம்? கூர்ப்பு, கூர்ப்படைதல், கூர்ப்புக் கொள்கை என்று தயங்காமல் எழுதலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் இடத்தில் மட்டும் பரிணாமம் என்பதையும் பக்கத்தில் வைத்தால் போதும். பரம்பரையலகு அவர்களுக்கு மரபணு, இசைவாக்கம் அவர்களுக்குத் தகவமைப்பு என்பதையும் சொல்லிவிட்டால் தடை இராது. பரிணாமம் என்று எழுதுபவர்களும் வளர்ச்சி என்ற வாலையாவது வெட்டிவிடலாம். இன்னொன்று: "மனிதன் கூர்ப்படைகிறான்" என்று ஒருமையில் எழுதினால் தனி ஆள் ஒருவர் மாறுவதுபோல் ஆகிவிடும். கூர்ப்படைவது குடித்தொகை. ஆகவே "மனிதர் கூர்ப்படைகிறார்கள்" என்று பன்மையிலேயே எழுதுங்கள்.