சீயிங் – துளக்கம்

தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படமெடுக்கும் இருவர் பேசிக்கொண்டால், ஐந்தாவது வாக்கியத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "நேற்று உங்கள் பக்கம் சீயிங் எப்படி?" தலைக்கு மேலுள்ள காற்று விண்மீன் உருவத்தை ஆட்டாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. கேட்பவரும் தமிழர், பதில் சொல்பவரும் தமிழர். தொலைநோக்கி, வில்லை, குவியம், விண்மீன், வால்மீன் என்று எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் வைத்திருக்கிறோம். இந்த ஒன்று மட்டும் இருபது ஆண்டுகளாக என் குறிப்பேட்டில் ஆங்கிலமாகவே கிடந்தது. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. மூலச் சொல்லைவிடப் பொருத்தமான சொல்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'சீ' என்றால் பார். 'சீயிங்' என்றால் பார்த்தல். 19ஆம் நூற்றாண்டில் கண்ணருகு வில்லையில் கண்ணை வைத்தபடி மணிக்கணக்கில் கோள்களையும் இரட்டை விண்மீன்களையும் நோக்கியவர்களின் பேச்சில் அது பொருள் மாறியது. வியாழனின் பட்டைகள் அசையாமல் நின்ற இரவு 'நல்ல சீயிங்'. கொதிக்கும் பால்போலப் பொங்கிக் குழம்பிய இரவு 'கெட்ட சீயிங்'. பார்ப்பவரின் செயலைக் குறித்த சொல் காற்றின் குணத்தைக் குறிப்பதாகிவிட்டது. அமெரிக்க வானியலர் வில்லியம் ஹென்றி பிக்கரிங் ஐந்து அங்குலத் தொலைநோக்கியில் விண்மீனின் உருவம் எப்படித் தெரிகிறது என்பதைக் கொண்டு பத்துப் படிகள் வகுத்தார். செவ்வாயை வரைந்து வரைந்து பழகிய யூஜின் அந்தோனியாதி ஐந்து படிகளே போதும் என்றார். பிக்கரிங்குக்குப் பத்து என்றால் உத்தமம். அந்தோனியாதிக்கு ஒன்றுதான் உத்தமம். இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. குழப்பமும் சேர்ந்தே வருகிறது.

சொல் பிறப்பதற்கு முன்பே சிக்கலைக் கண்டுகொண்டவர் நியூட்டன். தொலைநோக்கியை எவ்வளவு செம்மையாகச் செய்தாலும் ஓர் எல்லையைத் தாண்ட முடியாது. நாம் விண்மீன்களைப் பார்ப்பது ஓயாமல் நடுங்கும் காற்றின் ஊடாக என்று தம் ஒளியியல் நூலில் எழுதினார். உயர்ந்த கோபுரங்களின் நிழல் விளிம்பு நடுங்குவதையும் விண்மீன்கள் மினுக்குவதையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். மிக அமைதியான காற்று ஒன்றே மருந்து, அது உயர்ந்த மலைமுடிகளில் கிடைக்கலாம் என்பது அவர் எண்ணம். அது மெய்தானா என்று பார்க்க 1856இல் ஸ்காட்லாந்து வானியலர் சார்ல்ஸ் பியாசி ஸ்மித் தொலைநோக்கிகளை அட்லாண்டிக் கடலிலுள்ள தெனெரீஃப் தீவின் மலைக்குக் கொண்டுபோனார். மெய்தான் என்று கண்டார். இன்று பெரிய தொலைநோக்கிகள் ஹவாய் மலையிலும் சிலியின் பாலை மலைகளிலும் லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திலும் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

நடப்பது என்ன? மெசியே 104 என்ற விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். சொம்ப்ரெரோ என்னும் அகன்ற விளிம்புள்ள மெக்சிகோத் தொப்பியைப் போல இருப்பதால் அந்தப் பெயரிலும் வழங்குகிறது. அதன் ஒளி ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் வெற்றிடத்தில் சிதறாமல் வருகிறது. கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நம் காற்றுக்குள் நுழைகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வளைக்கும் அளவு வேறு. இரண்டும் சுழித்துக் கலக்கும் இடத்தில் ஒளி சற்றே இப்படியும் அப்படியும் விலகுகிறது. கோடைப் பகலில் தார்ச்சாலையின் மேல் எதிரே வரும் பஸ் நெளிகிறதே, அதே நெளிவுதான். பல மடங்கு நுண்மையாக, தலைக்கு மேல் இரவெல்லாம் நடக்கிறது.

இதை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. பிரகாசமான விண்மீன் ஒன்றைத் தொலைநோக்கியில் பிடித்து, குவியத்தைச் சற்றே விலக்கிப் பாருங்கள். புள்ளி விரிந்து வட்டத் தட்டாகும். அந்தத் தட்டின் மேல் ஓடை நீர் கூழாங்கற்களின் மேல் ஓடுவதுபோல ஒளியும் நிழலும் வரிவரியாக ஓடும். ஒரே திசையில் விரைந்து ஓடினால் மேலே வெகு உயரத்தில் பலமான காற்று. சோம்பலாக, அடுப்புப் புகைபோல எழுந்தால் சூடு பக்கத்திலேயே இருக்கிறது: மொட்டைமாடித் தளத்தில், அல்லது தொலைநோக்கியின் குழாய்க்குள்ளேயே. பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் இரவு பத்து மணிக்கும் கைக்குச் சுடும். நான் மாடியை விட்டுவிட்டு, தென்னந்தோப்பை ஒட்டிய புல்தரைக்கு முக்காலியை இறக்கியது அதற்குப் பிறகுதான்.

கோள்களைப் படமெடுப்பவருக்கு ஒரு தப்பும் வழி இருக்கிறது. நொடிக்கு நூறு படங்கள் எடுத்து, காற்று அசையாமல் நின்ற கணங்களின் படங்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கலாம். விண்மீன் மண்டலம் அதற்கு இடம் கொடுக்காது. அது அவ்வளவு மங்கல். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் காற்று செய்த குறும்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடும். புள்ளியாக விழ வேண்டிய விண்மீன் பூசணி விதைபோலப் பருத்துவிடும். சுருள் கைகளின் நடுவே ஓடும் தூசிக் கோடுகள் கரைந்துவிடும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'பார்த்தல்' என்று நேராகப் பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. 'பார்வை நிலை' என்றால் கண் மருத்துவர் நினைவுக்கு வருவார். 'காட்சித் தெளிவு' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதுதான் பெரிய தவறு. வானத்தின் தெளிவு வேறு, அசையாமை வேறு. ஆங்கிலத்திலும் ஒளி எவ்வளவு தடையின்றி வருகிறது என்பதைக் குறிக்கத் தனிச் சொல் இருக்கிறது.

வேறுபாட்டை எனக்குக் கற்பித்தவை ஒரே பங்குனியின் இரண்டு இரவுகள். முதல் இரவுக்கு முந்தைய மாலையில் கோடை மழை பெய்து தூசியைக் கழுவிவிட்டிருந்தது. வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. மெசியே 104ஐச் சுற்றியுள்ள மங்கிய ஒளிவட்டம், நான் அதுவரை எடுத்த எந்தப் படத்திலும் வராத தூரம்வரை பதிந்தது. ஆனால் நடுவே ஓடும் கருந்தூசிப் பட்டை, ஈரக் காகிதத்தில் இழுத்த மைக்கோடுபோல ஊறிப்போயிருந்தது. எட்டு நாள் கழித்து இரண்டாம் இரவு. காற்றே இல்லை, தென்னோலைகூட ஆடவில்லை. வானம் வெளிறிக் கிடந்தது, சிறிய விண்மீன்கள் கண்ணுக்கே தெரியவில்லை. படத்தில் ஒளிவட்டம் பாதிக்கு மேல் காணோம். ஆனால் அந்தத் தூசிப் பட்டை கத்தியால் கீறியதுபோல, ஓரங்களில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. முதல் இரவு தெளிந்த, ஆனால் அசைந்த வானம். இரண்டாம் இரவு கலங்கிய, ஆனால் அசையாத வானம். இரண்டையும் 'காட்சித் தெளிவு' என்ற ஒரே சொல்லில் எப்படி எழுதுவது?

குளத்து நீரை நினைத்துக்கொண்டால் போதும். அடியில் கிடக்கும் காசு தெரியாமல் போக இரண்டு காரணங்கள் உண்டு: நீர் சேறாகக் கலங்கியிருக்கலாம், அல்லது தெளிந்த நீரே அலைந்துகொண்டிருக்கலாம். இந்த இரண்டையும் திருக்குறள் ஒரே மூச்சில் பிரித்துச் சொல்கிறது. வினைத்திட்பம் அதிகாரத்தில் 668ஆம் குறள்:

கலங்காது கண்ட வினைக்கண் துளங்காது
தூக்கங் கடிந்து செயல்.

மனம் கலங்காமல் தெளிந்து தேர்ந்த செயலில், அசைவில்லாமல், காலம் நீட்டிக்காமல் இறங்கு என்பது பொருள். கலங்குதல் வேறு, துளங்குதல் வேறு. துளங்குதல் என்றால் அசைதல், நிலை தளர்ந்து ஆடுதல்; அதன் பெயர்ச்சொல் துளக்கம். வள்ளுவர் சொன்னது மனத்தை. ஆனால் வானத்துக்கு இதைவிடக் கச்சிதமான இரட்டை எனக்குக் கிடைக்கவில்லை. தூசியாலும் ஈரத்தாலும் வருவது கலக்கம், அதன் எதிர் தெளிவு. காற்றுச் சுழிப்பால் ஒளிக்கு வருவது துளக்கம். அசையாத இரவு துளங்கா வானம்.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது அளவு சொல்லும் இடம். இன்று சீயிங்கை எண்ணால் குறிப்பது விண்மீனின் உருவம் எத்தனை விகலை அகலத்துக்குப் பரவியது என்பதை வைத்துத்தான். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இன்றும் புழங்கும் அளவுகள். முழு நிலா ஏறத்தாழ 1,800 விகலை அகலம். உலகின் சிறந்த மலைமுடிகளில் விண்மீன் ஒரு விகலைக்கும் குறைவாகவே பரவும். நம் ஊர்ச் சமவெளிகளில் இரண்டு, மூன்று, நான்கு. ஆங்கிலத்தில் 'நான்கு விகலை சீயிங்' என்றால் 'இரண்டு விகலை'யைவிட மோசம்; புதிதாக வருபவர்கள் ஒவ்வொருவரும் இங்கே தடுமாறுகிறார்கள். 'துளக்கம் நான்கு விகலை' என்று சொல்லிப் பாருங்கள். எண் கூடினால் துளக்கம் கூடுகிறது. விளக்கமே வேண்டாம்.

அந்த எண் எவ்வளவு கொடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளக்கம் இரண்டு விகலையாக இருக்கும் இரவில் நீண்ட நேரம் திறந்து எடுத்த படத்தின் நுணுக்கம், ஐந்தாறு சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கி காற்றே இல்லாத இடத்தில் தரக்கூடிய நுணுக்கம்தான். இருபது சென்டிமீட்டர் ஆடி வைத்திருந்தாலும் சரி, இரண்டு மீட்டர் ஆடி வைத்திருந்தாலும் சரி. பெரிய ஆடி கூடுதல் ஒளியைச் சேர்க்கும், மங்கலான பொருளை விரைவில் காட்டும். காற்று அழித்த நுணுக்கத்தை மீட்காது. அதற்குத் துளக்கத்தை நொடிக்குப் பலநூறு முறை அளந்து ஆடியை வளைக்கும் கருவி வேண்டும். அந்த யோசனையை 1953இல் அமெரிக்க வானியலர் ஹொரேஸ் பாப்காக் முன்வைத்தார். அது பெரிய ஆய்வகங்களின் வேலை.

நம் கையில் இருப்பது உயரம். பொருள் தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருந்தால் அதன் ஒளி இருமடங்கு காற்றைக் கடக்கிறது. துளக்கம் உச்சியில் இருப்பதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. மெசியே 104 லண்டனிலிருந்து பார்ப்பவருக்கு 27 பாகைக்கு மேல் ஏறாது. திருவண்ணாமலைப் பக்கம் அது 66 பாகை ஏறும். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் பாயும் மேற்கத்திய விரைகாற்றும் நம்மிடமிருந்து வெகுதூரம். தென்மேற்குப் பருவக் காலத்தில்தான் கீழைக் காற்று நம் தலைக்கு மேல் விரைகிறது. அப்போது எப்படியும் மேகம். இந்த வாய்ப்பை நம்மில் பலர் அறியாமலேயே, மலைநாட்டுக்காரர்களைப் பார்த்து ஏங்குகிறோம்.

சொல்லுக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. துலக்கம் என்று இன்னொரு சொல் இருக்கிறது. விளக்கம், பளபளப்பு என்று பொருள். பாத்திரம் துலக்குவது அந்த வேரில்தான். லகர ளகரம் வாயில் வழுக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். இது மெய்யான இடர். ஆனால் அதற்காக நல்ல சொல்லை விடுவதைவிட ளகரத்தைத் திருத்திச் சொல்லப் பழகுவதையே நான் தேர்வேன். 'அலமரல்' என்ற பழஞ்சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். தொல்காப்பியம் அதற்குச் சுழற்சி என்று பொருள் சொல்கிறது. அது காற்றின் சுழிப்புக்குப் பொருந்தும். ஒளியின் ஆட்டத்துக்கு அல்ல. மினுக்கமும் வேண்டாம்: அது ஒளி கூடிக் குறைவதை மட்டும் சொல்கிறது, உருவம் பரவுவதைச் சொல்லவில்லை.

சென்ற பங்குனியில் என் குறிப்பேட்டில் எழுதியது இது: "மெசியே 104. நள்ளிரவு, உயரம் 64 பாகை. தெளிவு நடுத்தரம். துளக்கம் 2.3 விகலை, இரண்டு மணிக்குப் பிறகு 3.1. நாற்பது படங்களில் இருபத்தாறு தேறின."