டிஸ்பேஸ் 6 இன்னும் ஓடுகிறதா? பதிப்பு மாற்றும் முன் நூலகர்கள் கவனிக்க வேண்டியவை

நூலகங்கள் தங்கள் ஆவணங்களை இணையத்தில் வைக்கப் பயன்படுத்தும் களஞ்சிய மென்பொருள் டிஸ்பேஸ். ஆய்வேடுகள், கட்டுரைகள், பழைய வினாத்தாள்கள் என அதில் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியங்கள் பலவற்றில் நிலைமை ஒன்றுதான். யாரோ சில ஆண்டுகளுக்கு முன் நிறுவிக் கொடுத்தார்கள், அது ஓடுகிறது, அதனால் யாரும் கைவைப்பதில்லை. முகப்புப் பக்கம் திறக்கிறது, பிடிஎஃப் இறங்குகிறது, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் 5ஆம் வரிசைக்கான ஆதரவு 2023 ஜனவரியிலும் 6ஆம் வரிசைக்கான ஆதரவு அதே ஆண்டு ஜூலையிலும் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அந்தப் பதிப்புகளில் அடைப்பு வராது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 ஜூலையில் இரண்டு ஓட்டைகள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் மொத்தமாக ஆவணங்களை ஏற்றப் பயன்படும் சிம்பிள் ஆர்க்கைவ் ஃபார்மட் பொதியைப் பற்றியவை. அந்தப் பொதியில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு கோப்புறை இருக்கும். உள்ளே தலைப்பு, ஆசிரியர் போன்ற மீத்தரவு எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பும், எந்தெந்தக் கோப்புகளைச் சேர்க்க வேண்டும் என்று வரிக்கு ஒன்றாகச் சொல்லும் ‘கன்டென்ட்ஸ்’ கோப்பும் இருக்கும். அந்தக் கன்டென்ட்ஸ் கோப்பில் ஆய்வேட்டின் பெயருக்குப் பதிலாக, இரண்டு புள்ளியும் சாய்கோடும் திரும்பத் திரும்பப் போட்டு, சர்வரின் உள்கோப்பு ஒன்றின் பாதையை எழுதி வைத்தால், பழைய பதிப்பு அதையும் எடுத்து ஆவணமாகச் சேர்த்துவிடும். எக்ஸ்எம்எல் கோப்பின் வழியாகவும் இதேபோல் சர்வர் கோப்புகளை வாசிக்க முடிந்தது. பொதியை ஏற்றுபவர் அட்மின்தானே, நம் ஆள்தானே என்று கேட்கலாம். ஏற்றுபவர் நம் ஆள்தான். பொதியைத் தயாரித்தவர் யார்? ஸ்கேன் செய்யும் வேலையை வெளியே கொடுத்து, திரும்பி வரும் ஜிப் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் ஏற்றும் வழக்கம் பல நூலகங்களில் உண்டு. இந்த ஓட்டைகளுக்கு 7.6.4, 8.2, 9.1 ஆகிய பதிப்புகளில் அடைப்பு வந்தது. பாதிக்கப்பட்டவற்றில் 6ஆம் வரிசையும் அடங்கும். அதற்கு அடைப்பு வரவில்லை.

பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 8, 9 என முதல் எண் மாறினால் புதிய வசதிகளும் புதிய தேவைகளும் வருகின்றன என்று பொருள்; திட்டமிட்டு, ஒத்திகை பார்த்துத்தான் மாற வேண்டும். 8.1, 8.2 எனப் பின்னால் வருபவை பிழைதிருத்தமும் பாதுகாப்பும் மட்டுமே. அவற்றைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. 7ஆம் வரிசை மட்டும் விதிவிலக்கு: 2021இல் வந்த 7.0 அரைகுறையாகத்தான் வந்தது, 6இல் இருந்த பல வசதிகள் 7.1 முதல் 7.6 வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. “7 போட்டோம், பழைய வசதி எதுவும் இல்லை” என்று அந்த நாட்களில் எழுந்த பேச்சு இன்றைக்குப் பொருந்தாது. இன்று 6இலிருந்து கிளம்புகிறவர்கள் நடுவில் 7இல் இறங்கி ஏற வேண்டியதும் இல்லை. டேட்டாபேஸ் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் கட்டளை பழைய பதிப்பிலிருந்து நேராகப் புதியதற்கே கொண்டுபோகும்.

ஆனால் 6இலிருந்து மாறுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை அல்ல, வீடு மாறும் வேலை. பழைய ஜேஎஸ்பியுஐ, எக்ஸ்எம்எல்யுஐ இரண்டு முகப்புகளும் 7இலேயே எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது முகப்பு ஆங்குலரில் எழுதிய தனி நிரல். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் மேல் 4000ஆம் போர்ட்டில் ஓடும். பின்னணி ஜாவா நிரல், ஜாவா நிரல்களுக்கான சர்வர் மென்பொருளான டாம்கேட் மேல் ஓடும். சோலார் தேடுபொறியும் முன்புபோல் டிஸ்பேஸுக்குள்ளேயே இல்லை, தனியாக நிறுவ வேண்டும். பழைய தீம், பழைய லோகோ அமைப்பு, கையால் திருத்திய பக்கங்கள் எதுவும் வராது. சமர்ப்பிப்புப் படிவத்தின் அமைப்புக் கோப்பும் மாறிவிட்டது. டாம்கேட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: 7ஆம் வரிசைக்கு டாம்கேட் 9, 8ஆம் வரிசையிலிருந்து டாம்கேட் 10.1, ஜாவா 17. ஜாவா உலகில் நிரல்தொகுப்புகளின் பெயரே மாறியதால் ஒன்றை மற்றொன்றில் போட்டால் எழும்பவே எழும்பாது. உபுண்டு 24.04இன் களஞ்சியத்தில் டாம்கேட் 10 இருக்கிறது, 22.04இல் 9தான் இருக்கும். ஆகவே முதலில் டிஸ்பேஸ் பதிப்பைத் தீர்மானித்து, அதற்கேற்ற இயங்குதளத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைகீழாகச் செய்தால் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கும்.

எதை நகலெடுக்க வேண்டும்

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டால் ‘அசெட்ஸ்டோர் கோப்புறையை வாரா வாரம் ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கிறோம்’ என்பார்கள். ஏற்றிய கோப்புகளை டிஸ்பேஸ் வைத்திருக்கும் அந்தக் கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். 12 என்ற கோப்புறைக்குள் 84, அதற்குள் 07, அதற்குள் முப்பது நாற்பது இலக்க நீள எண் ஒன்றே பெயராகக் கொண்ட கோப்பு. பிடிஎஃப் என்ற பின்னொட்டுகூட இருக்காது. அது யாருடைய ஆய்வேடு, எந்தத் துறை, யார் பார்க்கலாம் என்ற அத்தனையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. டேட்டாபேஸ் போய்விட்டால் அசெட்ஸ்டோர் பெயர்ச்சீட்டு கிழிந்த மூட்டைகளின் குவியல்.

ஆகவே இரண்டும் வேண்டும், வரிசையும் முக்கியம். டாம்கேட்டை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. நிறுத்த முடியாவிட்டால் டேட்டாபேஸை முதலிலும் அசெட்ஸ்டோரைப் பிறகும் எடுங்கள். இடையில் யாராவது ஒரு கோப்பை ஏற்றினால் நகலில் ஒரு கோப்பு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மாற்றி எடுத்தால் டேட்டாபேஸ் குறிப்பிடும் கோப்பு நகலில் இருக்காது. ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்பேஸ் எம்டி5 சரிபார்ப்பு எண்ணைச் சேமித்து வைக்கிறது; ‘செக்கர்’ கட்டளையை நகலெடுக்கும் முன் பழைய சர்வரிலும், நகலெடுத்த பின் புதிய சர்வரிலும் ஓட்டினால் வழியில் எது கெட்டது, எது ஏற்கெனவே கெட்டிருந்தது என்பது பிரிந்து தெரியும்.

மூன்றாவதாக எல்லோரும் மறப்பது புள்ளிவிவரம். சோலாரில் உள்ள தேடல் அட்டவணையும், மீத்தரவைப் பிறர் திரட்டிக்கொள்ளக் கொடுக்கும் ஓஏஐ அட்டவணையும் அழிந்தாலும் டேட்டாபேஸிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை முறை இறக்கினார்கள் என்ற கணக்கை அப்படி உருவாக்க முடியாது. அது சோலாரில் மட்டுமே இருக்கிறது. புதிய சோலாருக்குப் பழைய அட்டவணைக் கோப்புகளைப் படிக்கத் தெரியாது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே ‘சோலார் எக்ஸ்போர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கட்டளையை ஓட்டி, சிஎஸ்வி கோப்புகளாக எடுத்துவிட வேண்டும். ஆண்டுவாரியாகப் பிரிக்கும் பணி ஓடியிருந்தால் ஒவ்வொரு ஆண்டின் அட்டவணையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆசிரியர் பெயர்களைச் சீராக வைக்கும் ஆதரிட்டி அட்டவணையைப் பயன்படுத்துகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 6க்கு முந்தைய காலத்தின் கணக்கில் ஆவண எண்கள் வெறும் முழு எண்களாக இருக்கும். அவற்றை இப்போதைய நீண்ட அடையாளக் குறியான யுயுஐடிக்கு மாற்ற இன்னொரு கட்டளை உண்டு. இதைச் செய்யாமல் விட்டால் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்ட வைத்திருந்த பல ஆண்டுப் பதிவிறக்கக் கணக்கு ஒரே இரவில் சுழியமாகிவிடும்.

ஒத்திகை

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்த வரியை வையுங்கள். தனி இயந்திரம் அல்லது மெய்நிகர் இயந்திரம் ஒன்று, 8 ஜிபி ரேமாவது இருக்கட்டும். முகப்பைத் தொகுக்கும்போது நோட் நினைவகம் போதாமல் விழுவது மிகச் சாதாரணம். அதற்கு மட்டும் 4 ஜிபி ஒதுக்க வேண்டியிருக்கும்.

புதிய டேட்டாபேஸில் பிஜிகிரிப்டோ நீட்சியை உயர் அதிகாரப் பயனராக முதலில் சேர்த்துவிட்டு, பிறகு நகலைக் கொட்டுங்கள். பழைய அமைப்புக் கோப்பை அப்படியே தூக்கி வைக்காமல், உங்கள் மதிப்புகளை மட்டும் லோக்கல் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். பிறகு ‘டேட்டாபேஸ் இன்ஃபோ’ ஓட்டி நிலையைப் பார்த்துவிட்டு ‘டேட்டாபேஸ் மைக்ரேட் இக்னோர்ட்’ ஓட்டுங்கள். கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் பழைய ஒப்புதல் முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும் படிகள் தாண்டிப்போகும். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சமர்ப்பிப்புகளை மாற்றத்துக்கு முன்பே முடித்துவிடுவது இன்னும் நல்லது. நடுவில் ஒரு படி தோற்றால் அதே கட்டளையை மறுபடி மறுபடி அடிக்காதீர்கள். டேட்டாபேஸை அழித்து, நகலை மீண்டும் கொட்டி, காரணத்தைச் சரிசெய்து, முதலிலிருந்து ஓட்டுங்கள். ஒத்திகை என்பதே இதற்குத்தான். ஒவ்வொரு படிக்கும் எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ‘களஞ்சியம் இத்தனை மணி நேரம் இயங்காது’ என்ற அறிவிப்பை அந்தக் குறிப்பிலிருந்து எழுதலாம்.

எல்லாம் நிறுவிய பிறகு முகப்பில் 500 என்ற பிழை மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் முகப்பால் பின்னணியை அடைய முடியவில்லை. மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலாவது, முகவரிப் பொருத்தம்: பின்னணியில் எழுதிய முகப்பு முகவரி உலாவியில் தெரியும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும், ஹெச்டிடிபிக்கும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடு, கடைசியில் ஒரு சாய்கோடு கூடியிருப்பது போதும், உள்நுழைவு தோற்கும். இரண்டாவது, சான்றிதழ்ச் சங்கிலி. உலாவியில் பூட்டுச் சின்னம் ஒழுங்காகத் தெரியும், நோட் மட்டும் ‘சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று நிற்கும். இடைநிலைச் சான்றிதழை சர்வர் அனுப்பாதபோது உலாவி தானே தேடிக்கொள்கிறது, நோட் தேடாது. முழுச் சங்கிலிக் கோப்பை அப்பாச்சியிலோ என்ஜின்எக்ஸிலோ வைத்தால் தீரும். மூன்றாவது, எழுதும் அனுமதி. உபுண்டு, டெபியனில் வரும் டாம்கேட்டை சிஸ்டம்டி அடைத்து வைத்திருக்கும். டிஸ்பேஸ் கோப்புறையை எழுதத்தக்க பாதையாகத் தனியே சேர்க்காவிட்டால், உரிமையெல்லாம் சரியாக இருந்தும் ‘படிக்க மட்டும்’ என்ற பிழையே வரும். ரூட்டாக நுழைந்து டிஸ்பேஸ் கட்டளைகளை ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள். பதிவுக் கோப்பு ரூட் பெயரில் உருவாகி, அடுத்த முறை டாம்கேட்டால் அதில் எழுத முடியாமல் போகும்.

சோலாரின் 8983 போர்ட் வெளியே திறந்திருக்கக் கூடாது. ஆவணங்களுக்கு நிலையான இணைப்பு தரும் ஹேண்டில் சர்வருக்கான 2641, 8000 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். ஹேண்டில் முன்னொட்டு 123456789 என்று இருந்தால், நிறுவும்போது வரும் மாதிரி எண்ணை யாரும் மாற்றவே இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட களஞ்சியங்கள் நிறைய. இந்திய ஆய்வேடுகளின் தேசியக் களஞ்சியமான சோத்கங்காவின் ஆய்வேடுகளுக்கு 10603 என்ற பதிவுசெய்த முன்னொட்டு இருப்பதால், சர்வரோ பதிப்போ மாறினாலும் மேற்கோளில் கொடுத்த இணைப்பை அதே ஹேண்டிலில் வைத்திருக்க முடிகிறது. மாதிரி எண்ணில் அது நடக்காது. பதிவுசெய்த முன்னொட்டை வாங்கி, முன்னொட்டு மாற்றும் கட்டளையை ஓட்ட இந்தப் பதிப்பு மாற்றமே சரியான நேரம். ஓஏஐ முகவரியின் நடுவிலும் இப்போது ‘சர்வர்’ என்ற சொல் சேர்ந்துவிட்டது. பழைய முகவரியிலிருந்து திசைதிருப்பல் வைக்காவிட்டால் உங்கள் மீத்தரவைத் திரட்டுகிறவர்கள் சத்தமில்லாமல் நின்றுபோவார்கள்.

தமிழ் ஆவணங்கள் இருந்தால்

இங்கே ஒரு இயல்புநிலை அமைப்பு பலருடைய கண்ணில் படுவதில்லை. பிடிஎஃப்பின் உள்ளே இருக்கும் உரையைப் பிரித்தெடுக்கும் பகுதி முதல் 1,00,000 எழுத்துக்குறிகளோடு நின்றுவிடும். தேடல் அட்டவணைக்கும் அதே அளவில் தனியாக ஒரு வரம்பு இருக்கிறது. கணினிக்கு ‘கொடு’ என்பது இரண்டு எழுத்து அல்ல, நான்கு: க, ஒகரக் குறி, ட, உகரக் குறி. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 2,500 என்று வைத்தால் 300 பக்கத் தமிழ் ஆய்வேட்டில் முதல் 40 பக்கங்கள்தான் தேடலுக்குள் வரும். மீதி களஞ்சியத்தில் இருக்கும், தேடினால் கிடைக்காது. இரண்டு வரம்புகளையும் உயர்த்திவிட்டு, ‘ஃபில்டர் மீடியா’ கட்டளையைக் கட்டாய விருப்பத்தோடும், அதன்பின் ‘இன்டெக்ஸ் டிஸ்கவரி’யை முழு மறுகட்டுமானத்தோடும் ஓட்ட வேண்டும். நினைவகம் திணறினால் தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தும் விருப்பத்தை இயக்குங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகள் இதில் தேறாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது லத்தீன் குறிகளின் குப்பை. அவற்றைத் தமிழ் ஓசிஆர் செய்துதான் மறுபடி ஏற்ற வேண்டும்.

ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்த வேலைக்கு மணிக்கணக்கில் ஆகும், இரவில் ஓடவிடுங்கள். காலையில் ஏதாவது ஒரு யூனிகோடு ஆய்வேட்டைத் திறந்து, 150ஆம் பக்கத்துக்கு மேல் மட்டும் வரும் ஓர் ஊர்ப்பெயரையோ ஆட்பெயரையோ எடுத்து முகப்பில் தேடிப் பாருங்கள். அந்த ஆய்வேடு முடிவுகளில் வந்த பிறகு பழைய சர்வரின் இணைப்பைத் துண்டியுங்கள். இயந்திரத்தை மட்டும் அழிக்காமல் சில மாதங்கள் அப்படியே வைத்திருங்கள்.