பழைய கேம் ஆட ஃபயர்வாலை ஏன் அணைக்கிறீர்கள்?

போன வாரம் ஒருவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகளில் ஒரு வால் முளைத்திருந்தது. ஆறு வருடக் கணக்கு வழக்கு, குழந்தைகளின் படங்கள் எல்லாமே பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் இல்லையா என்றேன். இருந்தது, அதே கணினியில் எப்போதும் செருகியே வைத்திருந்த டிரைவில். அதுவும் பூட்டிக் கிடந்தது.

கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். கூடப் படித்த நாலு பேர், இப்போது ஆளுக்கொரு ஊர். பழையபடி ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 சேர்ந்து ஆடலாம் என்று முடிவாகியிருக்கிறது. இவர்தான் ஹோஸ்ட், அதாவது மற்றவர்கள் இவர் கணினியில் வந்துதான் சேர வேண்டும். ஒரு வீடியோவைப் பார்த்து அதில் சொன்ன வரிசைப்படியே செய்திருக்கிறார்: விண்டோஸ் ஃபயர்வாலை முழுதாக அணை, ஆன்டிவைரஸை நிறுத்து, டிரைவ்களை எல்லாம் ஷேர் பண்ணு, ஷேரிங்குக்கு உள்ள கடவுச்சொல்லை எடுத்துவிடு, கடைசியாக ரவுட்டரில் டிஎம்இசட் போடு. இத்தனையும் செய்த பிறகும் ஆட்டம் ஓடவில்லை. சலித்துப்போய் விட்டுவிட்டார். திறந்த கதவுகளைத் திரும்ப மூட வேண்டும் என்று அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லையாம்.

வீட்டு நெட்வொர்க்குகளும் சிறு அலுவலக நெட்வொர்க்குகளும் பார்ப்பதுதான் என் தொழில். இந்த வருடம் இது மூன்றாவது ஆள். மற்ற இருவர் இந்த அளவுக்கு இழக்கவில்லை, அவ்வளவுதான். பழைய கேம் ஆடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. குவேக் ஆட வேண்டும் என்பதற்காகவே கேபிளுக்கு முனை அடிக்கக் கற்றுக்கொண்டவன் நான். என் கோபமெல்லாம் அந்த முதல் வரி மேல்தான்: ஃபயர்வாலை அணை.

"அணைத்தேன், உடனே கனெக்ட் ஆனதே! அப்படியென்றால் ஃபயர்வால்தானே பிரச்சினை?" என்று என்னிடம் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாக இதைப் பார்ப்போம், ஏனென்றால் தவறான நம்பிக்கை பிறக்கும் இடமே இதுதான்.

வெளியிலிருந்து வரும் இணைப்பு எந்த நிரலைத் தேடி வருகிறது என்று பார்த்துத்தான் விண்டோஸ் ஃபயர்வால் விடும் அல்லது தடுக்கும். ஒரு கேம் முதன்முறையாக ஹோஸ்ட் செய்யும்போது, இதை அனுமதிக்கலாமா என்று ஒரு சின்னப் பெட்டி எழும்பும். பழைய கேம்கள் முழுத்திரையில் ஓடுபவை. பெட்டி கேமுக்குப் பின்னால் நிற்கும், உங்கள் கண்ணில் படாது. நண்பரால் உள்ளே வர முடியவில்லை. கடுப்பாகி கேமை மூடுகிறீர்கள். அங்கே ஒரு பெட்டி கிடக்கிறது. என்னவோ ஏதோ என்று 'ரத்து' அழுத்திவிடுகிறீர்கள். ரத்து என்றால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளாது. இந்த கேமை உள்ளே விடாதே என்று விதியாகவே எழுதி வைத்துவிடும். கணினிகள் தகவல் அனுப்பும் இரண்டு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று.

அப்புறம் யாரோ சொல்லக் கேட்டு அனுமதி விதி ஒன்றைச் சேர்ப்பீர்கள். அப்போதும் ஓடாது. ஒரே நிரலுக்குத் தடையும் இருந்து அனுமதியும் இருந்தால் தடைதான் செல்லும். "பாருங்கள், அனுமதி கொடுத்தும் விடமாட்டேன் என்கிறது" என்று சொல்லி மொத்தத்தையும் அணைப்பீர்கள். ஓடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவருக்கும் அன்றிரவு பூச்சிக்கடி இருந்திருக்காது.

செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, உள்வரும் விதிகள் பட்டியலில் அந்த கேமின் பெயரோடு சிவப்புத் தடைக்குறி போட்டு நிற்கும் வரிகளை அழியுங்கள். பிறகு அனுமதி கொடுங்கள். கேமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிரல்கள் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் மூல ஆட்டத்துக்கு ஒரு நிரல், அதன் விரிவாக்கமான காங்கரர்ஸுக்கு இன்னொன்று. ஒன்றுக்குக் கொடுத்த அனுமதி மற்றதற்குச் செல்லாது. அதோடு, பழைய கேம்கள் நெட்வொர்க்கில் பேசப் பயன்படுத்தும் டைரக்ட்ப்ளே என்ற விண்டோஸ் கூறின் உதவி நிரல் தனியாக 47624-ஆம் போர்ட்டில் (கணினியின் எண்ணிட்ட வாசல்) காத்துக்கொண்டிருக்கும். அதற்கும் அனுமதி வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. உங்கள் வீட்டு நெட்வொர்க்கை விண்டோஸ் 'பொது' என்று குறித்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 'தனியார்' என்பதற்குக் கொடுத்த அனுமதி பொது நெட்வொர்க்கில் வேலை செய்யாது, செய்யவும் கூடாது.

சரி, அணைத்தால் எதை இழக்கிறோம்? ஃபைல் ஷேரிங்கைத் தனியார் நெட்வொர்க்கில் திறந்தாலும், அதே நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக வழிவிடும். அணைத்ததும் அந்த வேலி போய்விடும். அப்போதும் ரவுட்டர் ஒன்று முன்னால் நிற்கிறது. ஆனால் டிஎம்இசட் என்பது, யாரும் கேட்காமலே வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் இந்த ஒரு கணினிக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்வது. இரண்டையும் சேர்த்துச் செய்தால், கடவுச்சொல் இல்லாத ஷேர் கோப்புறை இணையத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் போர்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் இயந்திரங்கள் இரவு பகல் பார்ப்பதில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியது இதே ஃபைல் ஷேரிங் வாசல் வழியாகத்தான். பழைய கேமுக்குப் பழைய நெறிமுறை வேண்டும் என்று ஃபைல் ஷேரிங்குக்கான பழைய எஸ்எம்பி 1-ஐத் திரும்ப இயக்கச் சொல்லும் வீடியோக்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோப்பு பகிர்வதும் கேம் ஆடுவதும் வேறு வேறு. லான் கேம்கள், அதாவது ஒரே உள் நெட்வொர்க்கில் ஆடுபவை, பொதுவாக ஷேர் கோப்புறையே இல்லாமல் ஓடும்.

ஃபயர்வால்தானா என்று சந்தேகம் தீரவே இல்லையென்றால், ஒரே வீட்டுக்குள் ஆடும்போது நான் செய்வதைச் செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து இணையக் கேபிளைக் கழற்றுங்கள், ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள், உடனே திரும்ப இயக்குங்கள். ஓடியிருந்தால் விதிகளைச் சரிபாருங்கள். ஓடவில்லை என்றால் ஃபயர்வாலை மறந்துவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

அந்த 'வேறு இடம்'தான் பெரும்பாலான நேரம் காரணமாக இருக்கிறது. முதலில், தொண்ணூறுகளின் கேம்கள் பலவும் ஐபிஎக்ஸ் என்ற நெறிமுறையில் பேசியவை. விஸ்டாவிலிருந்தே விண்டோஸில் அது கிடையாது. ஃபயர்வாலை எத்தனை முறை அணைத்தாலும் இல்லாத மொழியை விண்டோஸ் பேசாது. டாஸ் கேம் என்றால் அதை ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலுக்குள்ளேயே ஐபிஎக்ஸ் இருக்கிறது, யூடிபி 213 வழியாகப் போகும். விண்டோஸ் கேம் என்றால் ஐபிஎக்ஸுக்கு மாற்றாக நிற்கும் ஐபிஎக்ஸ்ராப்பர் என்ற நிரல். டூம், குவேக் போன்றவற்றின் மூலநிரலே வெளியாகிவிட்டது, டூம் 1997-இல், குவேக் 1999-இல். இன்றைய கணினிக்கு ஏற்றபடி எழுதிய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் பழைய டிஸ்க்கோடு மல்லுக்கட்டுவது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

டைரக்ட்ப்ளேயும் விண்டோஸ் 10-இல் தானாக இயங்காது. விண்டோஸ் அம்சங்களில் பழைய கூறுகள் என்ற பகுதிக்குள் போய் டிக் செய்ய வேண்டும். ஒருவர் வைஃபையின் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் மற்றவர்களைப் பார்க்கவே முடியாது, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. இரண்டு பேரிடமும் கேமின் ஒரே பேட்ச் (திருத்தப் பதிப்பு) இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற ஆட்டங்கள் படைவீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை அனுப்புவதில்லை. நீங்கள் கொடுத்த கட்டளைகளை மட்டும் அனுப்பும். ஒவ்வொரு கணினியும் அதே போரைத் தனித்தனியாக நடத்திப் பார்த்துக்கொள்ளும். பதிப்பு கொஞ்சம் மாறினாலும் இரண்டு கணினியில் இரண்டு போர் நடக்கும், ஆட்டம் நின்றுவிடும். நெட் ஸ்பீடு போதவில்லை என்று பிளானை மாற்றியவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 28.8 கிலோபிட் மோடத்தில் ஓடுவதற்காக எழுதப்பட்ட ஆட்ட வரிசை இது.

பட்டியல் காலியாக இருக்கிறது என்று அலறுபவர்களுக்கு இன்னொன்று. லான் பட்டியலை நிரப்ப கேம் 'யாராவது இருக்கிறீர்களா' என்று பிராட்காஸ்டில் கூவும். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போகாது. வீட்டுக்குள்ளும், கணினியில் இரண்டு மூன்று நெட்வொர்க் அடாப்டர்கள் இருந்தால் (மெய்நிகர் இயந்திரத்துக்கான மென்பொருள் ஒன்றைப் போட்டாலே இன்னொரு அடாப்டர் முளைத்துவிடும்) விண்டோஸ் பெரும்பாலும் ஒன்றின் வழியாக மட்டும்தான் கூவும். தேவையில்லாததை முடக்கிவைத்துவிட்டு முயலுங்கள், அல்லது வேண்டிய அடாப்டரின் மெட்ரிக் எண்ணை (எதற்கு முன்னுரிமை என்று விண்டோஸ் பார்க்கும் எண்) குறையுங்கள். ஐபி முகவரியை நேராகத் தட்ட வசதியுள்ள கேம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

இணையம் வழியாக ஆடும்போது ஹோஸ்ட் மட்டும் போர்ட் திறந்தால் போதும் என்பது குவேக் போன்ற, ஒரு சர்வரைச் சுற்றி ஓடும் கேம்களுக்குச் சரி. பழைய டைரக்ட்ப்ளே ஆட்டங்களில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் நேராகத் தொட்டாக வேண்டும். நம்மவர் விஷயத்தில் நடந்தது இதுதான். இவர் வீட்டு வாசலை அகலத் திறந்து வைத்திருந்தார், ஆனால் நண்பர்களில் இருவரின் ரவுட்டரில் இணையப் பக்க முகவரி 100.64-இல் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை பார்த்தால், உங்கள் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அங்கே உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்கில் கைவைக்கும் முன் இதை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

இதற்கு மெய்நிகர் லான்தான் வழி, அதாவது தூரத்தில் இருப்பவர்களை ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோல் இணைக்கும் மென்பொருள். சீரோடியர், ராட்மின் விபிஎன் போன்றவை பிராட்காஸ்டையும் சுமந்து செல்லும், அதனால் லான் பட்டியல் அப்படியே நிரம்பும். டெயில்ஸ்கேலில் பிராட்காஸ்ட் போகாது, முகவரியைத் தட்டித்தான் சேர வேண்டும். ரவுட்டரில் ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டாம். ஆனால் ஒன்று. முகம் தெரியாத யாரும் நுழையக்கூடிய பொது அறைகளில் சேராதீர்கள். அதில் இருக்கும் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நண்பர்களுக்கென்று தனி நெட்வொர்க், நல்ல கடவுச்சொல். அந்த அடாப்டரை 'பொது' என்றே விட்டு, கேமுக்கு மட்டும் அங்கே அனுமதி கொடுங்கள்.

பழைய கேமின் நிரலிலேயே ஓட்டை இருக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009-இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2-இன் லாபிகள் (ஆட்டக்காரர்கள் கூடும் அறைகள்) வழியாகத் தானாகப் பரவும் நச்சுநிரல் ஒன்று 2023 ஜூலையில் தெரியவந்து, அதன் ஆன்லைன் ஆட்டத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. புதிய ஆட்களோடு ஆடுவதென்றால் பராமரிப்பில் இருக்கும் பதிப்பையே ஆடுங்கள். விண்டோஸ் 10 சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்பு உள்ள டிஸ்க்குகளை ஏற்காது என்பதற்காக எங்கிருந்தோ, டிஸ்க் இல்லாமல் ஓடவைக்கும் 'நோ-சிடி' கோப்பை இறக்காதீர்கள். ஆன்டிவைரஸ் கத்தினால் அது பழைய கேம் என்பதால் கத்துகிறது என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

யூபிஎன்பி (நிரல்களே தானாகப் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) வழியாகவோ கையாலோ போர்ட் திறந்திருந்தால், ஆட்டம் முடிந்த அன்றே ரவுட்டருக்குள் போய் மூடுங்கள். டிஎம்இசட் இருந்தால் இப்போதே எழுந்து போய் எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அவர் கணினியைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். கணக்குகளில் பாதியைப் பழைய மின்னஞ்சல் இணைப்புகளிலிருந்து தேடி எடுத்தோம். படங்கள் போனது போனதுதான். கிளம்பும்போது, இனி அந்த கேமை ஆடவே கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். உட்கார வைத்து, ஃபயர்வால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெய்நிகர் லான் ஒன்றைப் போட்டு, நிரல்களுக்கு அனுமதி கொடுத்து ஹோஸ்ட் செய்யச் சொன்னேன். இருபது நிமிடம் ஆனது. இரண்டு பேர் உடனே உள்ளே வந்துவிட்டார்கள். மூன்றாமவர் மட்டும் காங்கரர்ஸ் 1.0சி பேட்ச் போடாமல் வந்து வெளியே நின்றுகொண்டு, "ஃபயர்வாலை அணைக்கவா?" என்று போனில் கேட்டார்.