மேடையில் அவர் ஜோக் அடிக்கிறார் என்பதால் நீங்களும் கிண்டல் செய்யலாமா?

திக்கிப் பேசுபவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சமீபத்தில் என்னிடம் வந்த ஓர் இளைஞர், தன் அலுவலகக் கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லத் திணறியிருக்கிறார். (திக்குபவர்கள் பலருக்குச் சொந்தப் பெயர்தான் பெரும்பாடு. அதற்குப் பதிலாக வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்க முடியாதே.) பக்கத்திலிருந்தவர் அதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்ட, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவர் முகம் வாடியதும், "திக்குறவங்களே ஸ்டாண்டப் காமெடில அதை வெச்சு ஜோக் அடிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று கேள்வி வேறு.

இந்த வாதத்தை எத்தனை பேர் வாயிலிருந்துதான் கேட்பது?

மேடையில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். 'லாஸ்ட் வாய்ஸ் கை' (குரலை இழந்தவன்) என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தும் பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் லீ ரிட்லியால் பேச முடியாது. நகைச்சுவையை முன்கூட்டியே எழுதிவைத்து, கருவியின் குரலில் சொல்லவைக்கிறார். 2018-இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் வென்றார். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று எல்லாம் அவர் முடிவு. உங்கள் சக ஊழியருக்கு இதில் ஒன்றாவது கிடைத்ததா? அவர் பெயர் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதே இல்லை. திக்கும் நகைச்சுவையாளர் பெரும்பாலும் கேலி செய்வது தன் திக்கலை அல்ல, அதைக் கண்டு பதறுகிறவர்களை. வாக்கியத்தை முந்திக்கொண்டு முடித்துவைப்பவர், "மெதுவா மூச்சு விட்டுப் பேசுங்க" என்று அறிவுரை சொல்பவர், இவர்கள்தான் அங்கே பாத்திரங்கள். 'நான் இப்படித்தான் பேசுவேன், நீங்கள் காத்திருங்கள்' என்று சிரிப்போடு சொல்கிறார் அவர். திக்கலை நடித்துக் காட்டுகிறவர் அந்த ஜோக்கில் கேலிக்கு ஆளாகும் பக்கம்தான் நிற்கிறார்.

தன் அடையாளத்தை வைத்துச் சிரிக்கவைப்பதன் ஆபத்து அந்தக் கலைஞர்களுக்கே தெரியும். அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவையாளர் டேவ் சாப்பல் 2005-இல் தன் தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் விட்டுப் போனார். கறுப்பினத்தவரைப் பற்றிய ஒரு காட்சியின்போது படப்பிடிப்பில் ஒருவர் சிரித்த விதம் தன்னை உறுத்தியதாகப் பின்னர் சொன்னார். ஆஸ்திரேலிய நகைச்சுவையாளர் ஹன்னா காட்ஸ்பி, ஒதுக்கப்பட்டவர் தன்னையே மட்டம்தட்டிக்கொள்வது பணிவு அல்ல, அவமானம் என்று மேடையிலேயே அறிவித்தார்.

அதனால் பெற்றோரே, "யாராவது கிண்டல் பண்றதுக்குள்ள நீயே ஜோக் அடிச்சிடு கண்ணா" என்று தயவுசெய்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அப்படிப் பழகிய பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். உட்கார்ந்ததும் தன்னைப் பற்றி ஒரு ஜோக் சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். அது பயம்.

மேலதிகாரிகளே, ஆசிரியர்களே, யாராவது நடித்துக் காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "சும்மா ஜாலிக்கு" என்பதை ஏற்காதீர்கள். வகுப்புக்கு வெளியே தனியாக ஆறுதல் சொல்வது போதாது. நண்பர்களே, அவர் தன்னைப் பற்றி ஜோக் அடித்தால் சிரியுங்கள், சரி. அதை வாங்கி நீங்கள் தொடராதீர்கள்.

அப்புறம், என்னிடம் பயிற்சி பெறுபவர்களில் மேடையேற ஆசைப்படுகிறவர்களுக்கு: தாராளமாக ஏறுங்கள். ஆறிப்போன விஷயத்தை எடுத்து எழுதுங்கள், இன்னும் வலிப்பதை வீட்டிலேயே வையுங்கள். முக்கியமான வரியில் வார்த்தை சிக்கினால் அவசரப்படாதீர்கள். மைக் உங்கள் கையில் இருக்கிறது, கூட்டம் காத்திருக்கட்டும்.