ரெண்டு ட்ரையத்லான் சைக்கிள்ல எதை எடுக்கிறது எண்டு கேக்க முதல் இதை வாசியுங்கோ

போன கிழமை பின்னேரம் என்ட பிசியோதெரபி கிளினிக்குக்கு ஒரு அண்ணா வந்தவர், வயசு நாப்பதுக்குக் கிட்ட, பேங்க்ல வேலை, கழுத்தைத் திருப்ப ஏலாம உடம்போட சேர்த்துத் திரும்புறார், வலது கையில சுண்டு விரலும் பக்கத்து விரலும் விறைச்சுக் கிடக்கு. மூண்டாவது பிரச்சினையைச் சொல்ல அவருக்கு வெக்கம், நான் நேரடியாக் கேட்டாப் பிறகுதான் சொன்னவர், ஒரு மணித்தியாலம் ஓடினா தொடைக்கு நடுவில உணர்ச்சியே இல்லையாம், வீட்ட வந்து குளிச்சாப் பிறகும் கொஞ்ச நேரம் அப்பிடியேதானாம்.

"அண்ணா, புதுசா ட்ரையத்லான் சைக்கிள் எடுத்தனீங்களா?"

"ஓம் மிஸ், உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எப்பிடித் தெரியாமப் போகும், இந்த வருசம் இதே மூண்டு முறைப்பாட்டோட வந்த ஆறாவது ஆள் அவர். ஆறு பேரும் நல்ல பிள்ளையள், விடிய நாலரைக்கு எழும்பி உப்புவெளிக் கடல்ல நீந்தி, நிலாவெளி றோட்டால குச்சவெளி மட்டும் மிதிச்சிட்டு வந்து வேலைக்குப் போற ஆக்கள். கொழும்பில 2018ல முதல் முதலா ஐயன்மேன் 70.3 எண்ட ட்ரையத்லான், அதாவது நீந்தி, சைக்கிள் ஓடி, கடைசியாக் காலால ஓடுற போட்டி, வைச்சதில இருந்து எங்கட பக்கத்தாலயும் ஆசைப்படுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அது உண்மையிலயே சந்தோசம். ஆனா 1.9 கிலோமீற்றர் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, பிறகு 21.1 கிலோமீற்றர் ஓடவேண்டிய உடம்பை ஒரு சைக்கிள் வாங்கின விசயத்தில மூண்டே மாசத்தில கெடுத்துக்கொண்டு என்ட கட்டில்ல வந்து படுத்தா எனக்குக் கோபம் வரும்தானே.

அந்த அண்ணாவுக்கு நடந்தது இதுதான். கனடாவில இருக்கிற மச்சான் ரெண்டு சைக்கிளின்ட படம் அனுப்பியிருக்கிறார், ரெண்டும் ஆரம்ப லெவல் ட்ரையத்லான் சைக்கிள், விலையும் கிட்டத்தட்ட ஒண்டு. ஒண்டு கார்பன் பிரேம், சிமானோ கம்பனியின்ட அல்டெக்ரா கியர், ஹேண்டில் முழுக்க பிரேமோட சேர்ந்த மாதிரி ஒரு வடிவு. மற்றது அலுமினியம், அதே கம்பனியின்ட ஒரு படி குறைஞ்ச 105 கியர், சாதாரண ஸ்டெம் (ஹேண்டிலைப் பிரேமோட பூட்டுற துண்டு), பாத்தா பெரிசா ஒண்டும் இல்ல. ரெண்டிலயும் சைஸ் 54 எண்டு இருக்கு. இவர் மச்சானிட்டக் கேட்டார், ஜிம்ல இருக்கிற பெடியங்களிட்டக் கேட்டார், யூடியூப்ல மூண்டு நாள் பாத்தார், எல்லாருமே அல்டெக்ராவை எடுங்கோ எண்டு சொல்லியிருக்கினம், எடுத்திட்டார். அவற்ற உயரத்தையோ கால் நீளத்தையோ ஒருத்தரும் கேக்கேல்ல, குனிஞ்சு விரலால கால்பெருவிரலைத் தொட ஏலுமா எண்டு கேக்கேல்ல. நான் கேட்டன், குனியச் சொன்னன், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வந்து கை நிண்டிட்டுது.

இனி நான் சொல்லப்போறதை தயவுசெய்து ஆறுதலா வாசியுங்கோ, ஏனெண்டா இந்த ஒரு விசயத்தைத்தான் திருப்பித் திருப்பி எல்லாரும் பிழையா விளங்கி வைச்சிருக்கினம். சைஸ் 54 எண்டு ரெண்டு சைக்கிள்ல எழுதியிருந்தா ரெண்டும் ஒரே அளவு இல்ல. அந்த 54 ஒரு காலத்தில சீட் குழாயின்ட நீளமா இருந்தது, இப்ப அது ஒவ்வொரு கம்பனியும் தன்ட பாட்டுக்குப் போடுற ஒரு பெயர்தான், சேட்டில மீடியம் எண்டு போடுற மாதிரி, ஒரு கடை மீடியம் உங்களுக்கு இறுக்கும், மற்றக் கடை மீடியம் தொங்கும். உண்மையான அளவு ரெண்டு. பெடல் சுத்துற நடு அச்சில இருந்து நேர மேல, ஹேண்டில் செருகுற குழாயின்ட வாய் மட்டும் எவ்வளவு உயரம் எண்டு பாக்கிறது ஸ்டாக். அதே அச்சில இருந்து முன்னுக்கு அந்த வாய் மட்டும் எவ்வளவு தூரம் எண்டு பாக்கிறது ரீச். இந்த ரெண்டு அளவால பிரேமைப் பாக்கிற முறையைப் பரப்பினவர் டான் எம்ப்ஃபீல்ட், 1987ல குயிண்டானா ரூ கம்பனியைத் தொடங்கினவர், ட்ரையத்லானுக்கெண்டே சைக்கிள் செய்த முன்னோடி. நல்ல கம்பனி எல்லாம் தங்கட இணையப் பக்கத்தில ஜியோமெட்ரி எண்டு ஒரு அட்டவணை போட்டிருக்கும், அதில இந்த ரெண்டும் மில்லிமீற்றரில இருக்கும்.

நானும் அந்த அண்ணாவும் போன்ல ரெண்டு அட்டவணையையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தம். அவர் எடுத்தது ஸ்டாக் 487, ரீச் 430. எடுக்காம விட்டது ஸ்டாக் 527, ரீச் 412. ரெண்டும் 54! அவர் எடுத்தது நாலு சென்ரிமீற்றர் உயரம் குறைவு, கிட்டத்தட்ட ரெண்டு சென்ரிமீற்றர் நீளம் கூட. சின்ன வித்தியாசம் எண்டு நினைக்காதேங்கோ, முழங்கையை ஏரோபார்ல, அதாவது ஹேண்டிலில இருந்து முன்னுக்கு நீட்டிக்கொண்டு இருக்கிற கம்பியில, ஊண்டி 90 கிலோமீற்றர் படுக்கிற ஆளுக்கு நாலு சென்ரிமீற்றர் பதிஞ்சா அதை ஈடுகட்டக் கழுத்து அவ்வளவுக்கு மேல வளையவேணும், இல்லாட்டி றோட்டைப் பாக்க ஏலாது. முழங்காலுக்குக் கீழ கை போகாத உடம்பு, நாள் முழுக்க கவுண்டர்ல கதிரையில இருந்து தொடைப் பின்னுக்கு இறுகின உடம்பு, அதால இடுப்பை முன்னுக்குச் சரிக்க ஏலாது, முதுகுதான் வளையும், பிறகு கழுத்து. விரல் விறைக்கிறதும் அதிலதான், எட்டாத தூரத்துக்கு எட்டிப் பிடிச்சுத் தொங்கினா பாரம் முழங்கையிலயும் உள்ளங்கையிலயும்தான் இறங்கும்.

சரி, முழங்கை ஊண்டுற பேட்டுக்குக் கீழ ஸ்பேசர் எண்ட உயர்த்துற துண்டுகளை வைச்சா என்ன எண்டு கேட்டார். ஏலும், நல்ல வழியும் அதுதான், பல சைக்கிள்ல ஏரோபார் பேட்டை மட்டும் தனிய உயர்த்தலாம். ஆனா அவற்ற சைக்கிளின்ட அந்த வடிவான ஹேண்டிலுக்கு அதே கம்பனி செய்த ஸ்பேசர்தான் பொருந்தும், ஏற்கனவே முழுசா ஏத்தியாச்சு, இனி மேல இடமில்ல. ரீச்சைக் குறைக்க ஸ்டெம்மை மாத்தலாம் எண்டா ஸ்டெம்மும் அதோட சேர்ந்ததுதான். 105 கியர் போட்ட அந்தச் சாதாரண சைக்கிள்ல எந்த ஸ்டெம்மையும் போட்டிருக்கலாம். கியரைப் பிறகும் மாத்தலாம் பாருங்கோ, செயினும் கசட்டும் எப்பிடியும் தேயுற சாமான், பிரேமின்ட ஸ்டாக்கையும் ரீச்சையும் ஒருக்காலும் மாத்த ஏலாது. 105க்கும் அல்டெக்ராவுக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் கொஞ்சம் எடையும் கொஞ்சம் மினுக்கமும், நிலாவெளி றோட்டு முழுக்கத் தட்டை, ஏத்தமே இல்லாத இடத்தில அந்த எடை என்ன செய்யப்போகுது?

பதிவா இருந்தாத்தானே மிஸ் வேகம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில கிரெக் லெமாண்ட் கடைசி நாள் ஏரோபாரோட ஓடி 8 செக்கனால வெண்டார், அந்த பார் ட்ரையத்லான் காரர் பாவிச்சுக்கொண்டு இருந்த சாமான், அதை நானும் மறுக்கேல்ல. ஆனா அந்த நாள் அவர் ஓடினது கிட்டத்தட்ட 24 கிலோமீற்றர், அதோட அவர் உலகத்தின்ட முதல் தரப் பந்தயக்காரன். நீங்க 90 ஓடவேணும், ஓடிப்போட்டு இறங்கி ஓடவும் வேணும். ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா கழுத்து நோகுதெண்டு எழும்பி இருக்கிற ஆள், கொஞ்சம் உயரமா இருந்தாலும் அசையாமப் படுத்திருக்கிற ஆளை விட மெதுவாத்தான் போவார். காத்து மோதுறதில பெரும்பங்கு உங்கட உடம்பில, சைக்கிள்ல இல்ல.

"பழகிடும்" எண்ட சொல்லைத்தான் நான் மன்னிக்க மாட்டன். தொடை நோவு பழகும், மூச்சு வாங்குறது பழகும். விறைப்புப் பழகாது, விறைக்கிறதெண்டா நரம்பு நசியுது. கதிரையில இருக்கேக்க ஊண்டுற எலும்பில பாரம் விழாம முன்னுக்குச் சரிஞ்சு மெல்லிய இடத்தில விழுந்தா அங்க போற நரம்பும் ரத்த ஓட்டமும் நசியும், ஆம்பிளையளுக்கும் பொம்பிளையளுக்கும் இது ஒண்டுதான், பொம்பிளையள் இன்னும் குறைவாச் சொல்லுறது, அவ்வளவுதான் வித்தியாசம். சைக்கிளால இறங்கி கொஞ்ச நேரத்திலயும் விறைப்புப் போகாட்டி, மூத்திரம் போறதில ஏதும் வித்தியாசம் இருந்தா, ஓட்டத்தை உடன நிப்பாட்டிப்போட்டு டொக்டரிட்டப் போங்கோ, என்னட்டயும் முதல் வரவேண்டாம். சீட்டின்ட மூக்கு பிளந்த, இல்லாட்டி மூக்குக் கட்டையான சீட் இதுக்கெண்டே செய்திருக்கு, ரெண்டு சைக்கிள்ல ஒண்டோட அந்தச் சீட் வருதெண்டா அது கார்பன் சில்லை விடப் பெறுமதி.

ட்ரையத்லான் சைக்கிள் ஏன் வேணும் எண்டதையே கன பேர் விளங்கேல்ல. சாதாரண றோட் சைக்கிள்ல சீட் குழாய் 72, 74 பாகை சாய்வு, இதில 76ல இருந்து 80 வரைக்கும், அதாவது நீங்க பெடலுக்கு மேல முன்னுக்கு வந்து இருக்கிறியள், முன்னுக்குக் குனிஞ்சாலும் இடுப்பு மடிப்பு இறுகாது, இறங்கி ஓடேக்க கால் கல்லு மாதிரி இருக்காது. அந்த நன்மை கிடைக்கவேணுமெண்டா உங்கட அளவுக்கு இருக்கவேணும், இல்லாட்டி இவ்வளவு காசும் வீண். பெடலைப் பிடிச்சிருக்கிற கை, அந்தக் கிராங்க் நீளத்தையும் கேளுங்கோ, 172.5 மில்லிமீற்றர் எண்டு வந்தா, அஞ்சடி அஞ்சு அங்குல ஆளுக்கு முழங்கால் நெஞ்சுக்கு வரும், 165 கேட்டு மாத்தித் தரச்சொல்லிப் பாருங்கோ. சீட்டை முன்னுக்குத் தள்ளினா கொஞ்சம் உயர்த்தவும் வேணும், தள்ளிப்போட்டு அப்பிடியே விட்டிட்டு முழங்கால் முன்னுக்கு நோகுதெண்டு வாறதும் ஒரு கூட்டம்.

இன்னொண்டு, எங்கட ஊரில இருந்துகொண்டு யோசியுங்கோ. கடல் உப்புக்காத்தில ஹேண்டிலுக்குள்ள போற வயரும் ஸ்டெம் ஆணியும் எவ்வளவு கெதியாப் பிடிக்குதெண்டு எங்கட டவுண் சைக்கிள் கடை ஐயாவிட்டக் கேட்டாச் சொல்லுவார், பிரேமுக்குள்ளால வளைஞ்சு போற வயரை மாத்த அவருக்கு அரை நாள் போகும். ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் எண்டா ஓயில் மாத்துற சாமானும் உங்களிட்ட இருக்கவேணும், சிமானோவுக்கு மினரல் ஓயில், மற்றக் கம்பனி ஸ்ராமில பெரும்பாலும் டொட் ஓயில், மாறி ஊத்தினா சீல் எல்லாம் போயிடும். கொழும்புக்குச் சாமான் அனுப்பித் திருத்துற சைக்கிள் மூண்டு கிழமை சும்மா நிக்கும்.

கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில கிண்ணியாப் பாலத்தில, 396 மீற்றர் நீளப் பாலம் அது, பக்கத்துக் காத்தில ஆழமான (றிம் அகலமா உள்ளுக்கு இறங்கின) முன் சில்லு போட்ட சைக்கிளைப் பிடிச்சு ஓட்டிப் பாத்தவைக்குத் தெரியும். முதல் சைக்கிளுக்கு அந்தச் சில்லு வேண்டாம், தயவுசெய்து வேண்டாம், இலவசமாத் தந்தாலும் பின்னுக்கு மட்டும் போடுங்கோ. ஏரோபார்ல படுத்திருக்கேக்க கை பிரேக்கில இல்ல, றோட்டில மாடு படுத்திருக்கும், கோட்டைப் பக்கம் மான் குறுக்க வரும், ஆட்டோக்காரர் திரும்புவினம். டவுணுக்குள்ள, சந்தியில, பாலத்தில எழும்பி இருந்து பிரேக்கைப் பிடிச்சு ஓடுங்கோ. வேறொரு தம்பிக்கு நான் தோள் எலும்புக்கு எக்சர்சைஸ் குடுத்துக்கொண்டு இருக்கிறன், காரணம் ஒரு கண்டுக்குட்டி.

அப்ப என்ன செய்யுறது எண்டா, காசு கட்ட முதல் உங்களிட்ட இருக்கிற றோட் சைக்கிள்ல ஒரு கிளிப்-ஒன் ஏரோபார், இருக்கிற ஹேண்டிலிலயே பூட்டுறது, போட்டு ரெண்டு மாசம் ஓடுங்கோ, சீட்டைக் கொஞ்சம் முன்னுக்கும் மேலுக்கும் எடுத்து. எந்த உயரத்தில ஒரு மணித்தியாலம் நோவில்லாமப் படுக்க ஏலுதோ, அந்த நிலையில பெடல் அச்சில இருந்து முழங்கைப் பேட் மட்டும் உயரத்தையும் முன்தூரத்தையும் ஒருத்தரைப் பிடிச்சு டேப்பால அளக்கச் சொல்லுங்கோ. அந்த ரெண்டு இலக்கத்தையும் விக்கிற ஆளுக்கு அனுப்பி இந்தப் பேட் இந்த இடத்துக்கு வருமா, வந்தாப் பிறகும் மேலயும் கீழயும் மாத்த இடம் மிஞ்சுமா எண்டு கேளுங்கோ. பதில் சொல்லத் தெரியாத ஆளிட்ட வாங்காதேங்கோ. ரெண்டு சைக்கிளும் பொருந்தினா, பேட் நடு அளவில வந்து நிக்கிற சைக்கிளை எடுங்கோ, ஒரு வருசத்தில உடம்பு இளகினா நீங்களே பதிக்கலாம், அதுக்குப் பிறகு கியரைப் பாருங்கோ, கடைசியாக் கலரைப் பாருங்கோ. நண்பர் நல்லம் எண்டு சொன்னவர், மச்சான் வாங்கிப்போட்டார் எண்டதெல்லாம் எனக்கு வேண்டாம், மச்சான்ட கால் உங்கட கால் இல்ல.

அந்த அண்ணா இப்ப பழைய றோட் சைக்கிள்லதான் ஓடுறார், கிளிப்-ஒன் பூட்டி, பேட்டை நல்ல உயரமா வைச்சு. விறைப்பு பத்தாம் நாள் போயிட்டுது, கழுத்து இன்னும் முழுசாத் திரும்பேல்ல, தொடைப் பின்பக்கத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் நீட்டி மடக்கிற எக்சர்சைஸ் செய்யுறார். புதுச் சைக்கிளை விக்கப் போட்டிருக்கிறார். நேத்து ஒரு தம்பி அதைக் கேட்டு வந்தவராம், உயரம் அஞ்சடி நாலு. அண்ணா அவருக்கு விக்காம என்ட நம்பரைக் குடுத்து அனுப்பியிருக்கிறார்.