தராசில் இருக்கும் இதயம்: எகிப்து டாரட் கார்டைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு எகிப்துப் பகுதியைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. பெரும்பாலும் மம்மி பார்க்கத்தான் வருவார்கள். கொஞ்ச நாளாக, சுற்று முடிந்ததும் யாராவது தனியாக வந்து போனை நீட்டுகிறார்கள். திரையில் எகிப்து ஓவியம் போலவே வரைந்த ஒரு டாரட் கார்டு, அதாவது குறி சொல்லப் பயன்படுத்தும் படச் சீட்டு, இருக்கும்.

போன மாதம் அப்படி வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, இந்தப் படத்தை ஒருக்காப் பாருங்கோ. இவருக்கு வாற கிழமை ஹார்ட் ஒப்பரேஷன். இதயத்தைத் தராசில வச்சிருக்கு, பக்கத்தில மிருகம் காத்துக்கொண்டு நிக்குது, ஆள் திரும்பி வாறது கஷ்டம் எண்டு கார்டு பாக்கிறவ சொல்லிப்போட்டா."

பரிகாரத்துக்கு 300 பவுண்டு கேட்டிருக்கிறார்கள். போனைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அது 'நீதி' கார்டு. நடுவில் தராசு, ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் இறகு. பக்கத்தில் குள்ளநரித் தலையோடு ஒரு கறுப்பு உருவம், முதலைத் தலையோடு ஒரு மிருகம். வரைந்தவர் இதை எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கி.மு. 1250 வாக்கில் அனி என்ற எழுத்தருக்காகத் தயாரித்த 'இறந்தோர் நூல்' பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் இதே மியூசியத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. அதிலுள்ள இதயம் நிறுக்கும் காட்சியின் வண்ண நகல் எப்போதும் என் பையில் இருக்கும். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதை விரித்தோம்.

இது இறந்தவர் மறு உலகில் நீதி பெறும் காட்சிதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எதற்காக வரைந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இறகு என்பது மாஅத்: உண்மை, ஒழுங்கு, நியாயம். வாழ்ந்த வாழ்க்கை அந்த இறகோடு சமமாக நிற்க வேண்டும். கறுப்பு உருவம் அனூபிஸ் என்ற தெய்வம். அவர் உயிர் பறிக்க வந்தவர் அல்ல. உடலைப் பதப்படுத்திக் காப்பவர், வழி காட்டுபவர். படத்தில் மண்டியிட்டுத் தராசின் தூக்குக்குண்டு நேராக நிற்கிறதா என்று சரிபார்க்கிறார். நாம் கறுப்பைப் பார்த்ததும் துக்கம் என்று நினைக்கிறோம். எகிப்தியர்களுக்கு அது நைல் நதி கொண்டுவந்து போடும் வண்டல் மண்ணின் நிறம், மறுபடி முளைப்பதன் நிறம். தங்கள் நாட்டையே 'கறுப்பு நிலம்' என்றுதான் அழைத்தார்கள்.

"அப்ப இந்த மிருகம்?" என்றார்.

அதன் பெயர் அம்மித். முதலைத் தலை, சிங்கத்தின் முன்பாதி, நீர்யானையின் பின்பாதி. தராசில் தோற்ற இதயத்தை விழுங்கக் காத்திருக்கிறது. ஆனால் அனியின் சுருளில் அது விழுங்கவே இல்லை. இந்தச் சுருள் கல்லறைக்குள் கூடவே வைக்கும் துணை. நல்ல தீர்ப்பு கிடைத்துவிட்டதாகவே அதில் வரைவார்கள். நாரை போன்ற, ஆனால் வளைந்த அலகுள்ள ஐபிஸ் பறவையின் தலை கொண்ட தோத் என்ற தெய்வம் தீர்ப்பை எழுதிக்கொள்ள, அடுத்த காட்சியில் பருந்துத் தலை கொண்ட ஹோரஸ் தெய்வம் அனியின் கையைப் பிடித்து மறு உலகின் அரசரான ஒசைரிஸிடம் அழைத்துப் போகிறார். பயமுறுத்த வரைந்த படம் இல்லை இது, நம்பிக்கைக்காக வரைந்தது.

இதயத்தைப் பற்றியும் சொன்னேன். மம்மி செய்யும்போது மூளையை எடுத்துப் போட்டுவிடுவார்கள். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைக்கப் பார்ப்பார்கள், ஏனென்றால் அறிவும் நினைவும் அங்கேதான் என்று நம்பினார்கள். தராசில் இருப்பது ஒருவர் செய்ததும் நினைத்ததும். ஆஸ்பத்திரி அறுவை சிகிச்சைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

நகலின் இடது ஓரத்தில், அனிக்குப் பின்னால் தலை குனிந்து நிற்கும் பெண்ணை அவர் விரலால் தொட்டார். "இவ ஆர்?" அனியின் மனைவி தூத்து. கணவனின் இதயத்தை நிறுக்கும்போது அவளும் கூடவே நிற்கிறாள். அந்த அம்மா நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கார்டின் கதை. "எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம்" என்று சொல்லித்தான் அவரை நம்பவைத்திருந்தார்கள். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடப் பிறந்த சீட்டு. 1781-இல் பிரான்ஸில் கூர் த ஜெபலான் என்பவர்தான் இது எகிப்திலிருந்து வந்த ஞானநூல் என்று எழுதினார். அன்றைக்கு உலகில் யாருக்கும் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதன் சூட்சுமத்தை அவிழ்த்து அறிவித்தது 1822-இல், அதாவது 41 வருஷம் கழித்து. அதற்குப் பிறகு படித்த பாப்பிரஸ்களிலும் கல்லறைச் சுவர்களிலும் டாரட் சீட்டின் சுவடே இல்லை. எகிப்து உருவங்கள் கார்டுக்குள் வந்தது அந்தக் கற்பனையைப் பின்பற்றித்தான். 1909-இல் வெளிவந்து இன்று எல்லோர் கையிலும் இருக்கும் ரைடர் சீட்டுக்கட்டிலும் ரதக் கார்டில் கறுப்பும் வெள்ளையுமாக மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட இரண்டு ஸ்பிங்க்ஸ்கள் உட்கார்ந்திருக்கும்.

டாரட் பார்ப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. படத்தை முன்னால் வைத்து மனதில் இருப்பதைப் பேசவைப்பவர்களும் உண்டு. சிலருக்கு அது ஆறுதல். ஆனால் ஒரு படத்தைக் காட்டி உயிர் போகும் என்று சொல்வதும், அதே மூச்சில் பணம் கேட்பதும் மன்னிக்க முடியாத காரியம். யாராவது அப்படிச் சொன்னால், இந்த உருவத்தின் பெயர் என்ன, வரைந்தவர் இதை எந்தப் பழைய ஓவியத்திலிருந்து எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் அவருக்குப் படமும் தெரியாது, உங்கள் வீட்டு நோயும் தெரியாது.

"காசு கட்டிட்டீங்களா அம்மா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை. கட்டாதீங்க என்றேன். நகலை அவரிடமே கொடுத்து, அதன் பின்பக்கத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை இருவருமாக எழுதினோம். ஆபரேஷன் எத்தனை மணி நேரம், முதல் நாள் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று நான் இரண்டு சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு எப்போது படி ஏறலாம் என்பதை அவரே சேர்த்தார். அவர்கள் வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை.